கேஸ் கீசர் பழுதும் பார்ட் மாற்றுவதும்: வேலூர் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே சொல்வதெல்லாம் சிலிண்டர் கேஸில் எரியும், இரண்டு பெரிய டார்ச் செல் போடும், நிமிடத்துக்கு 5 அல்லது 6 லிட்டர் வெந்நீர் தரும் சாதாரண கேஸ் கீசருக்கு. கரண்ட் கீசருக்கு இதில் பாதிகூடப் பொருந்தாது.

கீசர் பற்றவில்லை. எந்த பார்ட் போயிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கடைக்கு ஓடுவதற்கு முன் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்ததும் உள்ளே நடப்பது ஒரு வரிசை. தண்ணீர் ஓடும் வேகத்தில் டயாபிரம் என்ற ரப்பர் தட்டு உப்பி ஒரு ஊசிக்கம்பியைத் தள்ளும். அந்தக் கம்பி மைக்ரோ ஸ்விட்சைத் தட்டும், கேஸ் வால்வையும் திறக்கும். ஸ்விட்ச் தட்டியதும் கன்ட்ரோல் பாக்ஸ் உயிர் பெற்று ‘டிக் டிக் டிக்’ என்று பொறி விடும், செல் கரண்டில் இயங்கும் இன்னொரு கேஸ் வால்வான சோலனாய்டு வால்வு ‘டக்’ என்று திறக்கும், தீ பற்றும். பர்னர் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சென்சார் கம்பி தீயை உணர்ந்தால்தான் கேஸ் தொடர்ந்து வரும். உணரவில்லை என்றால் சில நொடிகளில் கன்ட்ரோல் பாக்ஸே கேஸை அடைத்துவிடும்.

ஆகவே சத்தமே இல்லை என்றால் கோளாறு தண்ணீர் பக்கம் அல்லது செல். டிக் டிக் கேட்கிறது, தீ இல்லை என்றால் கேஸ் பக்கம். பற்றி உடனே அணைகிறது என்றால் சென்சார், செல், அல்லது சூடு மீறல். இந்த மூன்றாகப் பிரிக்காமல் “மெக்கானிக் சொன்னார், கன்ட்ரோல் பாக்ஸ் மாத்தினோம்” என்று செலவு செய்பவர்கள்தான் அதிகம். வேலூர் வட்டாரத்தில் கன்ட்ரோல் பாக்ஸ் கெட்டுப்போவதைவிட உப்பும், தண்ணீர் அழுத்தமும், செல்லும்தான் அதிகம் தொல்லை தருபவை.

குழாயைத் திறந்தால் சத்தமே வரவில்லை. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

செல். இரண்டையும் சேர்த்து மல்டிமீட்டரில் 2.5 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்று கலக்கக் கூடாது. செல் பெட்டியில் உள்ள ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருந்தால் உப்புத்தாளில் தேயுங்கள். குளியலறைச் சுவரை ஒட்டி மாட்டியவற்றில் இது சாதாரணம்.

அடுத்தது தண்ணீர் வரும் இணைப்பில் இருக்கும் சல்லடை. ஆங்கிள் காக்கை, அதாவது கீசருக்குப் போகும் தண்ணீரை அடைக்கும் சுவர்க் குழாயை மூடி, நட்டைக் கழற்றினால் விரல் நுனி அளவுக்கு ஒரு வலை இருக்கும். டேங்க் கழுவி மறுநாள் கீசர் பற்றவில்லை என்றால் பத்தில் ஒன்பது தடவை இந்த வலையில் மண்தான்.

அதுவும் சுத்தமாக இருந்தால் அழுத்தத்தைக் கணக்குப் போடுங்கள். பல கீசர்களுக்குக் குறைந்தது 0.25 பார் அழுத்தம் வேண்டும். அது ஏறக்குறைய இரண்டரை மீட்டர் உயரத் தண்ணீரின் எடை. சத்துவாச்சாரியிலோ காட்பாடி காந்தி நகரிலோ ஒரு தளம் மட்டும் உள்ள வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாடி 10 அடி, அதன்மேல் 4 அடி ஸ்டாண்டில் சின்டெக்ஸ் டேங்க். கீசர் தரையிலிருந்து 5 அடியில். மிஞ்சுவது 9 அடி, சுமார் 2.7 மீட்டர். தண்ணீர் நிற்கும்போதே விளிம்பில்தான் இருக்கிறது. குழாய் வளைவுகளில் ஓடத் தொடங்கியதும் இன்னும் குறையும். டேங்க் நிரம்பியிருக்கும் காலையில் பற்றுகிறது, பாதியானதும் பற்றவில்லை என்றால் எந்த பார்ட்டும் போகவில்லை. உயரம் போதவில்லை, அவ்வளவுதான். ஸ்டாண்டை உயர்த்தலாம், டேங்கிலிருந்து கீசர் வரை முக்கால் அங்குலக் குழாயைத் தனியாக இழுக்கலாம், இல்லையென்றால் சின்ன பிரஷர் பம்ப் வைக்கலாம். பொடித் துளை ஷவரைக் கழற்றிவிட்டு பக்கெட்டில் பிடித்துப் பார்த்தால் பற்றுகிறதா என்பதே நல்ல சோதனை.

டயாபிரம் கிழிந்திருப்பது எப்படித் தெரியும்?

அழுத்தம் போதுமானதாக இருக்கிறது, சல்லடை சுத்தம், செல் புதிது, ஆனாலும் ‘டக்’ சத்தம் இல்லை. அல்லது குழாயை முழுதாகத் திறந்தால் மட்டும் பற்றி, சற்றுக் குறைத்ததும் அணைகிறது. முன்பு பக்கத்துக் குழாயைத் திறந்தாலும் எரிந்த கீசர், இப்போது சமையலறையில் யாராவது கை கழுவினாலே அணைகிறது. இவை டயாபிரம் கிழிந்ததற்கோ விறைத்துப்போனதற்கோ அடையாளம். உப்புத் தண்ணீரில் ரப்பர் நெகிழ்வை இழந்து கடினமாகிவிடும், பிறகு மடிப்பில் ஊசித்துளை விழும்.

நாமே டயாபிரம் மாற்றலாமா? எப்படி?

மாற்றலாம். இது தண்ணீர் பக்க வேலை. கேஸ் போகும் நட்டு, ஸ்க்ரூ எதையும் தொட வேண்டியதில்லை. உங்கள் மாடலில் தொடாமல் முடியாது என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்திக்கொண்டு ஆளைக் கூப்பிடுங்கள். தேவையானவை: ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒரு ஸ்பேனர், பழைய பல் துலக்கி, பக்கெட், டெஃப்லான் டேப், சிலிகான் கிரீஸ், புது டயாபிரம்.

ரெகுலேட்டரை மூடிவிட்டு வெந்நீர்க் குழாயை ஒரு முறை திறந்து, தீ வரவில்லை என்பதை உறுதி செய்யுங்கள். செல்களை வெளியே எடுங்கள். தண்ணீர் ஆங்கிள் காக்கை மூடி, கீசரின் அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்து பக்கெட்டில் தண்ணீரை வடியுங்கள். முன்பக்கக் குமிழ்களை நேராக இழுத்தால் வந்துவிடும். பிறகு மூடியின் ஸ்க்ரூக்கள். சூட்டைக் காட்டும் சின்ன டிஸ்ப்ளே இருந்தால் அதன் ஒயர் மூடியோடு சேர்ந்திருக்கும், பிடுங்கி எறிந்துவிடாதீர்கள்.

தண்ணீர் உள்ளே வரும் இடத்தில் வட்டமான பித்தளை அல்லது பிளாஸ்டிக் பெட்டி தெரியும். அதுதான் வாட்டர் வால்வு. கழற்றும் முன் கைபேசியில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூடியைப் பிடித்திருக்கும் நாலு முதல் ஆறு ஸ்க்ரூக்களை எதிர் எதிராகத் தளர்த்துங்கள். உள்ளே ரப்பர் தட்டு, அதன்மேல் ஊசிக்கம்பி பொருந்திய வட்டத் தகடு இருக்கும். எது மேலே, எது கீழே, ரப்பரின் குழிவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை இன்னொரு படம் எடுங்கள். பாதிப் பேர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

பழைய ரப்பரை வெளிச்சத்துக்கு எதிரே இழுத்துப் பிடியுங்கள். துளி வெளிச்சம் தெரிந்தாலும் அது போய்விட்டது. பெட்டிக்குள் இருக்கும் நுண்ணிய துளை, அதாவது ஓடும் தண்ணீரின் அழுத்த வேறுபாட்டை டயாபிரத்தின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோகும் துளை, உப்பால் அடைபட்டிருக்கும். அதை மீன்பிடி நரம்பாலோ பல் துலக்கியின் ஒற்றை மயிராலோ குத்திச் சுத்தம் செய்யுங்கள். ஊசியைவிட்டுக் குடைந்தால் துளை பெரிதாகி வால்வின் கணக்கே கெட்டுவிடும்.

ஊசிக்கம்பியை விரலால் தள்ளி விடுங்கள். தயங்காமல் போய்த் திரும்ப வேண்டும். அதில் பச்சைக் களிம்போ வெள்ளை உப்போ இருந்தால் எலுமிச்சை உப்புக் (சிட்ரிக் ஆசிட்) கரைசலில் ஊறவைத்துத் துடைத்து, துளி சிலிகான் கிரீஸ் தடவுங்கள். தேங்காய் எண்ணெய், வண்டி கிரீஸ் கூடவே கூடாது. ரப்பர் வளையம் ஊதிப்போய் கம்பியைக் கவ்விக்கொள்ளும், அதன் விளைவு சற்றுக் கீழே வருகிறது.

புது ரப்பரை வைக்கும்போது ஓரத்தில் உள்ள சின்னத் துளை பெட்டியின் துளைக்கு நேராக வர வேண்டும். மாறிப்போனால் எத்தனை முறை மாற்றினாலும் பற்றாது. ஸ்க்ரூக்களை எதிர் எதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். பிளாஸ்டிக் பெட்டியில் பலத்தைக் காட்டினால் விரிசல்தான் மிஞ்சும்.

கேஸைத் திறக்காமல் முதலில் தண்ணீரை மட்டும் விடுங்கள். ஐந்து நிமிடம் ஓடட்டும், சொட்டு இருக்கிறதா பாருங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்து மூடும்போது மைக்ரோ ஸ்விட்ச் தட்டும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். செல்லைப் போட்டு பொறி வருகிறதா, குழாயை மூடியதும் பொறி நிற்கிறதா என்று பார்த்த பிறகே ரெகுலேட்டரைத் திறக்க வேண்டும்.

புது டயாபிரம் போட்டும் அதே கதை. ஏன்?

துளை நேராக இல்லை, குழிவு தலைகீழ், அல்லது அளவு ஒரு நூல் பெரிது. மூன்றும் சரி என்றால் மைக்ரோ ஸ்விட்ச். விரலால் அதன் நாக்கைத் தட்டுங்கள். பொறி வந்தால் ஸ்விட்ச் நல்லது, கம்பி அதுவரை எட்டவில்லை என்று பொருள். தட்டியும் வராவிட்டால், மல்டிமீட்டரில் நாக்கை அழுத்தும்போதும் விடும்போதும் அளவீடு மாறுகிறதா பாருங்கள். மாறவில்லை என்றால் ஸ்விட்சை மாற்றுங்கள். இந்தச் சோதனையைச் செய்யும்போது ரெகுலேட்டர் மூடியே இருக்கட்டும்.

பற்றிக்கொள்கிறது, பத்து நொடிக்குள் அணைந்துவிடுகிறது.

பர்னர் மேல் இரண்டு வெள்ளைப் பீங்கான் கம்பிகள் இருக்கும். ஒன்று பொறி விடுவது, மற்றது தீயை உணர்வது. உணரும் கம்பியில் கரி படிந்தாலோ, வளைந்து தீக்கு வெளியே போனாலோ கேஸ் நின்றுவிடும். நைஸ் உப்புத்தாளால் கம்பியை லேசாகத் தேயுங்கள், பீங்கானை அசைக்காதீர்கள். பொறிக்கம்பிக்கும் பர்னருக்கும் சுமார் 4 மி.மீ. இடைவெளி போதும். கன்ட்ரோல் பாக்ஸிலிருந்து உடம்புத் தகட்டுக்கு வரும் எர்த் ஒயர் துருவேறித் தளர்ந்திருந்தாலும் இதே கோளாறுதான்.

சில நிமிடம் எரிந்து, தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வந்து அணைந்தால் அது வேறு. செம்புச் சுருள் பெட்டியில் ஒட்டியிருக்கும் சூடு சென்சார் தன் வேலையைச் செய்கிறது. ஆறியதும் தானாக மீண்டும் பற்றும். அதை ஒயர் போட்டு ‘பைபாஸ்’ செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாசலைக் காட்டுங்கள். பல மாடல்களில் 20 நிமிடம் ஆனால் தானாக அணையும் வசதி உண்டு, அது பழுதல்ல.

பொறி வருகிறது, தீ வரவில்லை.

சிலிண்டர் தீர்ந்துவிட்டதா, புதிதாக மாற்றியதா? மாற்றியிருந்தால் குழாயில் காற்று இருக்கும். நாலைந்து முறை திறந்து மூடினால் சரியாகும், ஒவ்வொரு முறைக்கும் நடுவே அரை நிமிடம் விடுங்கள். அப்படியும் வராவிட்டால் சோலனாய்டு கோளாறு, அல்லது பர்னருக்குக் கேஸ் பாயும் நுண்துளையான நாசிலில் அடைப்பு. மாதக்கணக்கில் சும்மா கிடந்த கீசரில் சிலந்தி கூடு கட்டும். இவை இரண்டும் கேஸ் பக்கம். சர்வீஸ் ஆளின் வேலை.

குழாயை மூடிய பிறகும் தீ எரிகிறது. என்ன செய்வது?

ரெகுலேட்டரை உடனே மூடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஊசிக்கம்பி திரும்பாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே நிற்கும் தண்ணீர் ஆவியாகி, இணைப்பை வெடிக்கவைக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறும். சூட்டில் குழாயைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும். அரை மணி நேரம் ஆறவிட்டு, வால்வைப் பிரித்துக் கம்பியையும் அதன் ரப்பர் வளையத்தையும் மாற்றும் வரை அந்தக் கீசரை உபயோகிக்காதீர்கள். “நேத்து ஒரு தடவைதான் அப்படி ஆச்சு” என்பது சமாதானம் அல்ல.

‘டொப்’ என்று வெடித்துப் பற்றுகிறது, தீ மஞ்சளாக இருக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடக் கூடாத இரண்டு. தாமதமாகப் பற்றினால், அதற்குள் சேர்ந்த கேஸ் மொத்தமாக எரிந்து ‘டொப்’ என்கிறது. செல் பலவீனம், பொறிக்கம்பி இடைவெளி இரண்டையும் பாருங்கள். தீ நீலமாக இருக்க வேண்டும். மஞ்சள் நாக்கு நீண்டால் காற்று போதவில்லை, பர்னரிலோ செம்புத் தகடுகளின் இடுக்கிலோ புகைக்கரி அடைத்திருக்கிறது. அப்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நமக்குத் தெரிந்த அந்தக் ‘கேஸ் வாடை’ கசிவைக் கண்டுபிடிக்க எல்.பி.ஜி.யில் சேர்க்கப்படுவது. எரிந்த புகைக்கு அது துணை வராது.

வாடகை வீட்டில் பாத்ரூமுக்கு உள்ளேயே மாட்டியிருக்கிறார்கள். ஜன்னல் இருக்கிறது, போதுமா?

போதாது. வெளியே மாற்றச் சொல்லுங்கள். வேலூரில் இந்தக் கேள்வி அதிகம் வரக் காரணம் உண்டு. சி.எம்.சி. சிகிச்சைக்காக வெளியூர்களிலிருந்து வந்து மாதக்கணக்கில் சின்ன அறைகளில் தங்குபவர்கள் ஏராளம். ஐந்துக்கு ஆறு அடி பாத்ரூமில் கதவையும் குளிருக்காக ஜன்னலையும் சாத்திவிட்டு, நோயாளிக்கு இருபது நிமிடம் வெந்நீர் ஊற்றினால் அந்த அறையின் ஆக்சிஜன் குறைந்து, கீசரின் தீயே கெட்டு, கார்பன் மோனாக்சைடு ஏறும். ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கால் துவளுதல். உதவிக்குக் கூப்பிடத் தோன்றும்போது எழுந்து தாழ்ப்பாளைத் திறக்கத் தெம்பு இருக்காது.

கீசர் பால்கனியிலோ காற்றோட்டமான வெளிச்சுவரிலோ இருக்க வேண்டும். வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும். மாற்றும் வரை கதவு, ஜன்னலைத் திறந்து வைத்து பக்கெட்டில் பிடித்துக்கொண்டு, கீசரை அணைத்து, சற்றுக் காற்றாடவிட்டு, பிறகு போய்க் குளியுங்கள். ஒருவர் மயங்கி விழுந்துவிட்டால் முதலில் வெளிக்காற்றுக்கு இழுத்து வாருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

கீசர் அடியில் தண்ணீர் சொட்டுகிறது. எந்த வாஷர்?

எங்கிருந்து என்று பாருங்கள். நட்டு என்றால் வாஷரும் டெஃப்லானும். ஊசிக்கம்பியின் பக்கம் என்றால் ரப்பர் வளையம். மேலே செம்புப் பெட்டியிலிருந்து வழிந்து பச்சை வெள்ளைக் கறை பிடித்திருந்தால் ஊசித்துளை. அதைப் பற்றவைத்துத் தருவார்கள், நாலு மாதம் தாங்கும், பக்கத்தில் இன்னொன்று விழும். ஏழெட்டு வருடமான கீசரில் செம்புப் பெட்டிக்குச் செலவழிப்பதைவிடப் புதிது வாங்குவதே மேல். வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 15558 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள்.

எங்கள் போர் தண்ணீர் ரொம்ப உப்பு. எதையாவது செய்து பார்ட்களைக் காப்பாற்ற முடியுமா?

தண்ணீர் இல்லாத ஆறு என்று பாலாற்றைக் கேலி செய்வார்கள். ஆற்றுக்கு அடியில் இருக்கும் தண்ணீரும் பல இடங்களில் கடினம். வாலாஜா, ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் தொழிலின் கழிவும் சேர்ந்து நிலத்தடி நீர் கெட்டிருக்கிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் வீடுகளில் அதைக் குடிக்க எடுத்துவிட்டு, கீசருக்குப் போர் தண்ணீரைத்தான் விடுகிறோம்.

உப்பு அதிகம் படிவது அதிகச் சூட்டில். நம் வழக்கமோ, கீசரை முழுத் தீயில் வைத்துக் கொதிக்கப் பிடித்து, பச்சைத் தண்ணீர் ஊற்றி விளாவிக் குளிப்பது. மாற்றுங்கள். கேஸ் குமிழைக் குறைத்து, விளாவாமல் அப்படியே ஊற்றிக்கொள்ளும் சூட்டில் தண்ணீர் வருமாறு வையுங்கள். கேஸும் மிச்சம், செம்பும் பிழைக்கும். குளித்து முடித்ததும் ரெகுலேட்டரை மூடி, கீசர் வழியாக இன்னும் ஒரு சொம்புத் தண்ணீரை ஓடவிடுங்கள். உள்ளே தங்கும் தண்ணீர் மிச்சச் சூட்டில் வெந்து உப்பாகப் படிவது நிற்கும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை உப்பு எடுங்கள். லிட்டருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு கரைத்து, தண்ணீர் இணைப்பைக் கழற்றி, வெந்நீர் வரும் வாய் வழியாகப் புனல் வைத்துச் செம்புச் சுருள் நிறைய ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டு வடியுங்கள். நுரை அடங்கும் வரை மறுபடி செய்து, கடைசியில் பத்து லிட்டர் நல்ல தண்ணீர் ஓட்டுங்கள். அப்போது தீ எரியவே கூடாது. பாத்ரூம் கழுவும் ஆசிட் ஊற்றுபவர்கள் உண்டு, அது உப்போடு சேர்த்துப் பித்தளையையும் தின்றுவிடும்.

பார்ட் எப்படிக் கேட்டு வாங்குவது?

மாடல் பெயர் மட்டும் சொன்னால் கடைக்காரர் “எல்லாத்துக்கும் இதான் சார்” என்று ஒன்றைக் கொடுப்பார். பழைய ரப்பரைக் கையோடு கொண்டுபோய் விட்டம், ஓரத் துளைகளின் எண்ணிக்கை, நடுத்துளை மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். இரண்டாக வாங்கி ஒன்றைக் கீசர் மூடிக்குப் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு வேளை டிபன் செலவுதான். சென்சார் கம்பி, மைக்ரோ ஸ்விட்ச், செல் பெட்டி இவையும் நாமே மாற்றக்கூடியவை.

அடுப்புக்கும் கீசருக்கும் ஒரே சிலிண்டர் போடலாமா?

டி-ஜாயின்ட் போட்டுப் பிரிப்பது வேண்டாம். இணைப்பு கூடக் கூடக் கசிவுக்கு வாய்ப்பும் கூடும், இரண்டும் எரியும்போது கீசர் தீ துவளும். 6 லிட்டர் கீசர் முழுத் தீயில் மணிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கேஸ் குடிக்கும். பத்து நிமிடக் குளியலுக்கு 150 கிராம் போல. 14.2 கிலோ சிலிண்டருக்கு 90 குளியல் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஏலகிரி மாதிரி மலை ஊரில் மார்கழி விடியலில், தீரப்போகும் சிலிண்டரில் அழுத்தம் குறைந்து தீ சிறுத்தால் கீசர் மேல் பழி போடாதீர்கள். சிலிண்டரை வெந்நீரில் வைப்பது, படுக்கப்போடுவது இரண்டும் கூடாது.

கேஸ் டியூப் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், மேலே அச்சிட்ட தேதியைப் பாருங்கள். எந்த இணைப்பைத் தொட்டாலும் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள், தீக்குச்சி வேண்டாம். வாடை வந்தால் ஸ்விட்ச் எதையும் போடாமல், அணைக்காமல், ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே வந்து 1906-க்கு அடியுங்கள். எல்.பி.ஜி. கசிவுக்கு நாடு முழுதும் அதே எண். கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு பரவும். குழந்தைகளை முதலில் வெளியே அனுப்புங்கள்.

கத்திரி வெயிலில் டேங்க் தண்ணீரே சுடுகிறது. கீசரை அப்படியே விட்டுவிடலாமா?

விட்டுவிட்டால் ஐப்பசியில் திறக்கும்போது எல்லாப் பழுதும் ஒன்றாக வரும். செல்களை எடுத்துவிடுங்கள், ஒழுகினால் பெட்டியே அரித்துவிடும். தண்ணீரை முழுதும் வடித்துவிடுங்கள், டயாபிரம் உப்பில் ஊறி விறைக்காது. ரெகுலேட்டரைக் கழற்றி சிலிண்டருக்கு மூடி போடுங்கள். கீசரின் மேல்வாயைத் துணியால் தளர்வாகக் கட்டினால் சிலந்தியும் குளவியும் உள்ளே போகாது. மறுபடி ஏற்றும் அன்று துணியை அவிழ்க்க மறக்காமலிருக்க, செல்களை அதே துணியில் முடிந்து வையுங்கள்.